பெருஞ்செல்வருக்கு வரி: வன்னியிலிருந்து நாம் எதைக் கேட்பது?

வரவு செலவுத் திட்டம் வருவதற்கு முன்னர் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு மனு அனுப்புவதென்று எமது கமக்கார அமைப்பும் சனசமூக நிலையமும் சேர்ந்து முடிவெடுத்தபோது, அதில் வரி பற்றிய பந்தியை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. கிளிநொச்சி மாவட்டத்தின் முரசுமோட்டைப் பக்கத்தில் நடந்த அந்தக் கூட்டத்தில், பெரும் பணக்காரருக்கு வரியைக் கூட்டலாமா என்று தலைவர் கேட்டதும் வாங்குகளில் இருந்த அத்தனை பேரும் கை உயர்த்தினார்கள். முதுசத்துக்கு, அதாவது முன்னோர் விட்டுச்செல்லும் சொத்துக்கு, வரி போடலாமா என்று அவர் அடுத்ததாகக் கேட்டபோது பாதிக் கைகள் இறங்கின. வீட்டுக்கும் காணிக்கும் வரி என்றதும் மிச்சக் கைகளும் இறங்கிவிட்டன. இதைப் பார்த்த பிறகு, "பணக்காரருக்கு வரியைக் கூட்டுங்கள்" என்று பொதுப்படையாக எழுதுவதில் பயனில்லை என்பது எனக்குத் தெளிவாயிற்று. எந்த வரி, எந்தத் தொகைக்கு மேல், அந்தப் பணம் எங்கே போகும் என்பவற்றைத் தீர்மானித்துக்கொண்டே எழுத வேண்டும். நம் முன்னால் இருப்பவை நான்கு வழிகள்: வருமான வரியின் உச்ச வீதத்தை உயர்த்துவது, ஆண்டுதோறும் செல்வ வரி அறவிடுவது, வீடு காணிகளுக்கு வரி விதிப்பது, நன்கொடைக்கும் முதுசத்துக்கும் வரி விதிப்பது.

இந்தக் கேள்வி இப்போது ஏன் எழுகிறது என்பதற்கு உழவு மெசினுக்கு அடிக்கும் டீசலே போதுமான விடை. இலங்கையில் 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகவும், வருமான வரியின் உச்ச வீதம் 18 சதவீதமாகவும் குறைக்கப்பட்டன. 2022இல் நாட்டின் வரி வருவாய் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 7.3 சதவீதம் என்ற அளவுக்கு விழுந்து கிடந்தது; அந்த ஆண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. குழியை நிரப்பும் வேலை பெரும்பாலும் பொருட்கள் மீதான வரியிடமே கொடுக்கப்பட்டது. பெறுமதி சேர் வரி 2022இல் இரண்டு தடவை கூட்டப்பட்டு, 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாகி, அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த டீசலுக்கும் பெற்றோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் வந்தது. கொழும்பில் பதிவு பெற்ற ஒரு நிறுவனம், தான் வாங்கிய பொருளுக்குக் கட்டிய பெறுமதி சேர் வரியைத் தான் விற்கும்போது அறவிடும் வரியில் கழித்துக்கொள்ளலாம். நெல் விற்கும் கமக்காரருக்கு அப்படியொரு கழிவு இல்லை. டீசலில் கட்டியது அவர் கையை விட்டுப் போனதுதான். விடுதலைப் புலிகள் வன்னியை ஊடறுத்துச் செல்லும் ஏ9 பாதையில் பொருட்களுக்கு அறவிட்ட வரி லொறிக்காரரிடம் வாங்கப்பட்டாலும் கடை விலையில்தான் வந்து நின்றது என்பதை இங்கு நாற்பது வயதைக் கடந்த எவரும் அறிவர். ஆகவே பொருளுக்கு விதிக்கும் வரியைக் கடைசியில் யார் கட்டுகிறார் என்பதை வன்னியில் ஒருவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்னொரு பக்கத்தில், ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் மதிப்பீட்டின்படி, இந்த நாட்டின் தனியார் செல்வத்தில் 31 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் இருக்கிறது. கீழ்ப்பாதி மக்களிடம் இருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு.

எமது கூட்டத்தில் கைகள் ஏறி இறங்கியது வன்னிக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. 2024இல் ஜி20 நாடுகளில் இப்சோஸ் நிறுவனம் எடுத்த கருத்துக் கணிப்பில், செல்வந்தர் கூடுதல் வரி கட்ட வேண்டும் என்பதை 68 சதவீதத்தினர் ஆதரித்தனர். ஆனால் எமது உறவினர் பலர் வாழும் சுவிஸ் நாட்டில், 5 கோடி பிராங்குக்கு மேற்பட்ட முதுசத்துக்கு 50 சதவீத வரி என்ற யோசனை 2025 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தபோது, வாக்களித்தோரில் 78 சதவீதத்தினர் அதை நிராகரித்தனர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2010இல் உயர் வருமானத்துக்கு வரி என்ற யோசனை ஏறத்தாழ 64 சதவீத எதிர்ப்பு வாக்குகளோடு தோற்றது. 2022இல் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் ஆண்டு வருமானம் 10 இலட்சம் டொலரைக் கடந்தால் கடந்த பகுதிக்கு மட்டும் மேலதிகமாக 4 சதவீதம் என்ற யோசனை, சிறிய வித்தியாசத்திலேனும், வென்றது. மசாசுசெற்ஸில் அந்தப் பணம் கல்விக்கும் போக்குவரத்துக்கும் போகும் என்பது யோசனையிலேயே எழுதப்பட்டிருந்தது. வெற்றிக்கு அது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொகையும் போகும் இடமும் வெளிப்படையாக இருந்தால், வாக்களிப்பவருக்கு அந்த வரி தன்னைத் தொடாது என்பதும் அதன் பயன் தன்னைத் தொடும் என்பதும் விளங்கும்.

முதலாவது வழியான வருமான வரி உயர்வுதான் கேட்பதற்கு மிக எளிது. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் படிவமும் இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது. சட்டத்தில் ஒரு வசனத்தைத் திருத்தினால் போதும். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை வரியில்லை. அதற்கு மேல் படிப்படியாக ஏறி, 43 இலட்சத்தைக் கடந்த வருமானத்துக்கு உச்ச வீதமான 36 சதவீதம். அதாவது மாதம் ஏறத்தாழ 3 இலட்சத்து 58 ஆயிரம் ரூபாய்க்கு மேல் உழைக்கும் ஒரு வைத்திய நிபுணரும் மாதம் ஐந்து கோடி வருமானமுள்ள ஒரு முதலாளியும் ஒரே உச்சப் படியில் நிற்கிறார்கள். ஆகவே மேலே இன்னும் ஒரு படி வைக்கலாம் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சம்பளக்காரரின் வரி சம்பளத்திலேயே பிடிக்கப்படுகிறது. பெருஞ்செல்வரின் வருமானமோ சம்பளமாக வருவதில்லை. நிறுவனத்தின் இலாபத்தைப் பங்காளருக்குப் பிரிக்காமல் உள்ளேயே வைத்திருந்து, பங்கின் பெறுமதியை மட்டும் வளரவிட்டால், வருமான வரிப் படிவத்தில் காட்டுவதற்கு அதிகம் இராது. படியைக் கவனமின்றிக் கீழே வைத்துவிட்டால், ஏற்கனவே நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருக்கும் வைத்தியர்களையும் பொறியியலாளர்களையும் நாமே இன்னும் தள்ளிவிட்டவர்கள் ஆவோம். மாவட்ட ஆசுபத்திரியில் நிபுணர் இல்லாத வாரத்தில் யாழ்ப்பாணத்துக்கு அம்புலன்சில் ஏற்றப்படுவது எங்கள் வீட்டு நோயாளிதான்.

இரண்டாவது வழி ஆண்டுதோறும் அறவிடும் செல்வ வரி. அடிப்படை நியாயத்தைப் பார்த்தால் இதுதான் நேரானது, ஏனெனில் வருமானமாகக் காட்டாமல் வைத்திருக்கும் பங்கையும் கட்டடத்தையும் வைப்பையும் கடனைக் கழித்து எண்ணிப் பார்க்கிறது. இலங்கைக்கு இது புதிதும் அல்ல. பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோரின் ஆலோசனையின்பேரில் 1959இல் செல்வ வரி, நன்கொடை வரி, செலவின வரி ஆகிய மூன்றும் இங்கே கொண்டுவரப்பட்டன; செல்வ வரி 1990களின் முற்பகுதியில் கைவிடப்பட்டது. இந்தியா 1957இல் கொண்டுவந்த செல்வ வரியை 2015இல் நீக்கிவிட்டு, பெருவருமானக்காரரின் வருமான வரியில் மேல்வரியைக் கூட்டிக்கொண்டது. இன்றைய விவாதத்தை மீண்டும் எழுப்பியவர் பிரான்ஸ் நாட்டுப் பொருளியலாளர் கப்ரியேல் சுக்மன். உலகின் ஏறத்தாழ 3,000 டொலர் பில்லியனர்களிடம் செல்வத்தில் குறைந்தது 2 சதவீதம் வரியாகப் பெற்றால் ஆண்டுக்கு 20,000 கோடி முதல் 25,000 கோடி டொலர் வரை கிடைக்கும் என்று 2024இல் ஜி20 நாடுகளுக்காக அவர் அறிக்கை எழுதினார். அதே எண்ணத்தை ஒட்டிய சட்டமூலம் 2025 பெப்ரவரியில் பிரான்சின் தேசிய சபையில் நிறைவேறி, ஜூனில் செனட் சபையில் தோற்றது.

நோர்வே இந்த வரியை இன்றும் வைத்திருக்கிறது. ஒஸ்லோவில் இருக்கும் எனது ஒன்றுவிட்ட அண்ணன் தொலைபேசியில் சொன்னபோதுதான், அங்குள்ள எமது ஆட்களும் வீடு வாங்கிச் சில ஆண்டுகள் கழிந்ததும் இந்த வரியின் எல்லைக்கு அருகில் வருகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. 2025இல் நிகரச் சொத்து ஏறத்தாழ 17 இலட்சத்து 60 ஆயிரம் குரோணரைக் கடந்தால், கடந்த பகுதிக்கு 1 சதவீதம் அறவிடப்பட்டது. குடியிருக்கும் வீட்டின் சந்தை விலையில் நான்கிலொரு பங்கை மட்டுமே கணக்கில் எடுப்பதால் சாதாரணக் குடும்பம் தப்பிக்கொள்கிறது. "நான் ஒன்றும் எழுதுவதில்லை, வங்கி எழுதி அனுப்புகிறது, நான் சரி பார்க்கிறேன், அவ்வளவுதான்" என்றார் அண்ணன். அந்த ஒரு வசனத்தில்தான் நோர்வேக்கும் எமக்கும் உள்ள தூரம் அடங்கியிருக்கிறது. அங்கே வைப்பும் பங்கும் வீடும் கடனும் அரசின் பதிவேட்டில் தாமாகவே வந்து விழுகின்றன. அப்படியிருந்தும் 2022இல் வரி கூட்டப்பட்டபோது செல்வந்தர் பலர் சுவிஸ் நாட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். அதன் பின்னரும் 2025 செப்டெம்பர் தேர்தலில் இந்த வரியே பெரும் விவாதமாக இருந்தபோது, அதைக் காப்பாற்ற நின்ற தொழிற்கட்சியே ஆட்சியைத் தக்கவைத்தது. எமது நாட்டில் ஒருவரின் எல்லாச் சொத்துக்களையும் ஓரிடத்தில் காட்டும் பதிவேடு இல்லை. அது இல்லாமல் செல்வ வரி விதித்தால், காட்டுபவர் கட்டுவார், மறைப்பவர் தப்புவார்.

மூன்றாவது வழி வீட்டையும் காணியையும் பற்றியது. எமது கூட்டத்தில் அதிகம் கொதித்ததும் இதுதான். சர்வதேச நாணய நிதியத்தின் 2023 உடன்படிக்கையில், 2025க்குள் நாடளாவிய ஆதன வரியும் நன்கொடை, முதுச வரியும் கொண்டுவரப்படும் என்று எழுதப்பட்டிருந்தது. பின்னர் ஆதன வரியின் இடத்தில், வாடகைக்கு விடாத வீட்டுக்கும் வாடகை வருவதாக வைத்துக் கணக்கிடும் உத்தேச வாடகை வருமான வரி முன்மொழியப்பட்டது. அதுவும் குறித்த காலத்தில் வரவில்லை. இதன் ஆதரவாளர் சொல்லும் காரணம் வலுவானது: பணத்தை வெளிநாட்டில் ஒளிக்கலாம், செல்வந்தர் வாழும் கொழும்பு ஏழில் நிற்கும் மாளிகையை ஒளிக்க முடியாது. ஆனால் இந்த வரி கொழும்பு ஏழில் தொடங்கி அங்கேயே நின்றுவிடும் என்று எமக்கு யாரும் உறுதி தரவில்லை.

புதுக்குடியிருப்புப் பக்கத்தில் நான் வழமையாகக் கடந்து போகும் ஒரு வீட்டைச் சொல்கிறேன். இரண்டு மாடி, கறுப்புக் கேற்று, கேற்றின் மேல் வெண்கல நிறப் பூச்சு, முற்றத்தில் சீமெந்துக் கல் பதித்திருக்கிறது. சொந்தக்காரர் கனடாவில், மூன்று வருடத்துக்கு ஒருமுறை வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவார். பின்பக்கத்து அறையில் அவருடைய பெரியம்மா ஒருத்தி இருந்து, காலையில் கூட்டி, மாலையில் லைற் போட்டு, வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். அந்த அம்மாவின் கையில் இருப்பது அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவும் நாலு கோழியும். உத்தேச வாடகை என்று ஒரு கடிதம் அந்தக் கேற்றுக்கு வந்தால், அதைப் பிரிக்கப்போவது அவர். வெறுமையாகக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கு வரி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் கட்ட வேண்டியவர் கனடாவில் இருக்கிறார் என்பதைச் சட்டம் அறிந்திருக்க வேண்டும்.

காணியின் சிக்கல் இதிலும் ஆழமானது. வன்னியின் குளத்தடிக் குடியேற்றத் திட்டங்களில் பெருமளவு வயலும் மேட்டுக்காணியும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள். எம்மவர் வாயில் அது பெர்மிட் காணி. அதை, முழு உரிமைப் பத்திரம் உள்ள உறுதிக் காணி போல, விரும்பியவருக்கு விற்க முடியாது. வங்கியில் ஈடு வைப்பதும் கடினம். வைத்திருப்பவர் பெயர் குறித்த பின்னுரித்தாளருக்கே அது போகும். விற்க முடியாத ஒன்றுக்குச் சந்தை விலை எது? மதிப்பீட்டாளர் ஏ9 வீதியோரத்தில் விற்ற உறுதிக் காணியின் விலையை எடுத்து, இரண்டு கட்டை உள்ளே இருக்கும் பெர்மிட் காணிக்கும் போட்டால், காகிதத்தில் செல்வந்தரான ஒரு கமக்காரர், சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்தில் தண்ணீர் போதாத வருடத்தில் வரிக்கு எதை விற்பார்? இடம்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர்கள், ஒரே காணிக்கு இரண்டு பேர் பத்திரம் வைத்திருப்பவர்கள், காணி இன்னும் படையினர் வசம் இருப்பவர்கள் என்று எத்தனையோ வழக்குகள் பிரதேச செயலகங்களில் தேங்கிக் கிடக்கின்றன. இந்த நிலையில் நாடளாவிய காணி வரியை ஆதரித்து நாமே கையெழுத்து வைப்பது, வரி தொடங்கும் எல்லை எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், எனக்குச் சரியாகப் படவில்லை. பிரதேச சபைகள் வீடு கட்டடங்களுக்கு அறவிடும் சோலை வரியைச் சீர்செய்வது வேறு விடயம். அது உள்ளூரிலேயே செலவாகிறது, அதன் கணக்கை நாமே போய்க் கேட்கலாம்.

நான்காவது வழியான நன்கொடை, முதுச வரிக்குத்தான் எங்கும் கெட்ட பெயர். பிரித்தானியாவில் இறப்போரில் இருபதில் ஒருவரின் சொத்துக்குக்கூட அது விதிக்கப்படுவதில்லை. ஆனாலும் அங்கு மக்கள் மிக அநியாயமானதென்று கருதும் வரிகளுள் அதுவும் ஒன்று. செத்தவன் வீட்டில் வரியா என்ற மனக்கசப்பு எமக்கும் உண்டு. பிள்ளைக்கென்று சேர்ப்பதை வாழ்வின் கடமையாக எண்ணும் சமூகம் நாம். அதனால்தான் கூட்டத்தில் கைகள் இறங்கின. ஆயினும் நிதானமாகப் பார்த்தபோது, நான்கிலும் இதுவே எமக்கு மிகக் குறைந்த தீங்கும் பெருஞ்செல்வரிடம் மிக நேரான பிடிமானமும் உள்ளதாக எனக்குத் தோன்றுகிறது. ஆண்டுதோறும் மதிப்பிட வேண்டியதில்லை. ஒரு தலைமுறைக்கு ஒருமுறை போதும். பெரிய சொத்துக்கள் கைமாறும்போது நீதிமன்றத்தில் மரணசாதன (உயில்) வழக்கு நடக்கிறது, காணிப் பதிவகத்தில் உறுதி பதியப்படுகிறது, நிறுவனத்தில் பங்கின் பெயர் மாறுகிறது. அரசின் கண் முன்னால் நிகழ்பவை இவை. ஆண்டாண்டாகப் பிரிக்கப்படாமல் வளர்ந்த பங்கின் பெறுமதியும் அன்றைக்குத்தான் வெளியே வருகிறது. இறந்தவர் சொத்துக்கான வரி பிரித்தானியர் காலம் முதல் இந்த நாட்டில் இருந்து 1980களில் நீக்கப்பட்டதுதான். முன்னர் நடத்தியதை மீண்டும் நடத்த முடியாதென்று சொல்ல இடமில்லை.

இங்கே வடக்குத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையை அறிந்த எமக்குத் தெற்கிலுள்ளவரைவிடக் கூடுதலாகத் தெரிந்த ஒன்று உண்டு. எமது வழக்கில் சொத்து சாவுக்காகக் காத்திருப்பதில்லை. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று பிரித்துப் பார்க்கும் அந்தச் சட்டத்தில், மகளுக்குரியது கலியாணத்தன்றே சீதன உறுதியாகப் போய்விடும். மகனுக்குரியதைத் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே நன்கொடை உறுதியாக எழுதிவிடுவார். ஆகவே முதுச வரியை மட்டும் போட்டு நன்கொடையை விட்டுவிட்டால், பெருஞ்செல்வர் அத்தனை பேரும் எமது சீதன வழக்கத்தைக் கைக்கொண்டு தப்பிவிடுவார்கள். இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். ஒருவர் வாழ்நாள் முழுவதும் கொடுத்ததையும் விட்டுச் சென்றதையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கே எல்லை வைக்க வேண்டும். அந்த எல்லை எவ்வளவு என்பதில்தான் மக்களின் ஆதரவு நிற்கவோ விழவோ போகிறது. நான் 25 கோடி ரூபாய் என்று எழுதியிருக்கிறேன். வயல் ஏக்கர் ஒன்றுக்கு ஒரு கோடி என்று மிகைப்படுத்திக் கணக்கிட்டாலும், பத்து ஏக்கர் வயலும் கல்வீடும் உழவு மெசினும் மகளின் நகையும் வைத்திருக்கும் ஒரு கமக்காரக் குடும்பம் அதன் பாதியைக்கூடத் தொடாது. விலை ஏற ஏற எல்லையும் ஏறும்படி சட்டத்திலேயே எழுதாவிட்டால், இருபது ஆண்டுகளில் அதே எல்லை எம்மீது வந்து விழும், இதை மறக்கக்கூடாது.

வரி கூட்டுவதற்கு முன் வரி விலக்கைக் கேளுங்கள் என்று ஓர் இளைஞர் கூட்டத்தில் எழுந்து சொன்னார். அவர் சொன்னது சரி. 2020 ஒக்டோபரில் சீனி இறக்குமதித் தீர்வை கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதத்துக்குக் குறைக்கப்பட்டது. சங்கக்கடையில் சீனி வாங்கிய எமக்கு அந்த 50 ரூபாய் வந்து சேரவில்லை. கொழும்புத் துறைமுக நகரத்துக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் 40 ஆண்டுகள் வரை வரி விலக்கு வழங்க இடம் வைத்தது. இவற்றை மனுவின் இன்னொரு பந்தியில் சேர்த்திருக்கிறோம்.

எதிர்ப்பவர்களின் அச்சத்தையும் நான் அற்பமாக எண்ணவில்லை. 2024 தொடக்கத்தில் 18 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் வரி இலக்கம் எடுக்க வேண்டும் என்ற அறிவித்தல் வந்தபோது, கூலி வேலைக்குப் போகும் பெண்கள் தம்மிடம் வரி கேட்கப் போகிறார்கள் என்று பயந்து கிராம அலுவலரிடம் போய் நின்றதைக் கண்டேன். பதிவு வேறு, வரி வேறு என்று அவர்களுக்கு முதலிலேயே தமிழில் சொல்ல ஒருவரும் வரவில்லை. ஏமாந்து பழகியவர்களிடம் "இது பணக்காரருக்கு மட்டும்தான்" என்று வாயால் சொல்வது செல்லாது. தொகை இலக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே மனுவின் பந்தியை இப்படி எழுதியிருக்கிறேன். முதலில், வாழ்நாள் நன்கொடையும் முதுசமும் சேர்ந்து 25 கோடி ரூபாயைக் கடந்தால், கடந்த பகுதிக்கு மட்டும் வரி. அனுமதிப்பத்திரக் காணியும் குடியிருக்கும் ஒரு வீடும் கணக்கில் சேராது. இரண்டாவதாக, மாதம் 50 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வருமானத்துக்கு மேலதிகமாக ஒரு படி. மூன்றாவதாக, சொத்துப் பதிவேட்டை உருவாக்கும் வேலையை உடனே தொடங்கி, அது முழுமையான பின்னரே செல்வ வரியைப் பற்றிப் பேசுதல். கிடைக்கும் பணத்தில் முதற்பங்கு, உழவுக்கு வாங்கும் டீசலில் கட்டிய பெறுமதி சேர் வரியைக் கமநல சேவை நிலையத்தினூடாகக் கமக்காரருக்குத் திருப்பித் தருவதற்குப் போக வேண்டும். உத்தேச வாடகை வரியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் விடயத்தில் எமக்குள்ளேயே இன்னும் இணக்கம் இல்லை. வரைவை வாசித்துக் காட்டியபோது மாதர் சங்கத் தலைவி ஒரு திருத்தம் மட்டும் கேட்டார்: 25 கோடி என்ற தொகை பந்தியின் மூன்றாவது வசனத்தில் கிடக்கிறது, அதை முதலாவது வசனத்துக்குக் கொண்டுவாருங்கள், சனம் அதற்குக் கீழே வாசிக்காது என்றார். கொண்டுவந்துவிட்டேன். அதன் பிறகு முதுசத்தைப் பற்றித் தலைவர் மறுபடி கேட்டபோது உயர்ந்த கைகளை எண்ணினோம். வந்திருந்த நாற்பத்தொரு பேரில் முப்பத்து மூன்று.